ரோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது? – டேட்டாபேஸுக்குள் வந்த மேப்

கம்ப்யூட்டரில் மேப் பார்ப்பது இன்று எல்லாருக்கும் பழகிவிட்டது. ஊர்ப் பெயரை டைப் செய்தால் தெருவே திரையில் வந்து நிற்கிறது. ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பம் வழி காட்டுவதற்காக மட்டும் வந்ததல்ல. மின்சாரம், குடிநீர், டெலிபோன், கேஸ், கூரியர் என எந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் கணக்கு வழக்குகளோடு "இது எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தரும் சாப்ட்வேருக்கு ஜி.ஐ.எஸ். என்று பெயர். ஜியோகிராபிக் இன்பர்மேஷன் சிஸ்டம் என்பதன் சுருக்கம் இது. தமிழில் புவியியல் தகவல் அமைப்பு என்கிறோம்.

பல ஆண்டுகளாக ஜி.ஐ.எஸ். நிறுவனத்தின் மற்ற கம்ப்யூட்டர்களோடு ஒட்டாமல் தனியாகவே இருந்தது. பின்னர் அது பொதுவான டேட்டாபேஸுக்குள் வந்தது. இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது, எப்படி நடந்தது, அதனால் நமக்கு என்ன லாபம் என்பதை இங்கே பார்ப்போம். கட்டுரையின் முடிவில் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்க ஒரு பயிற்சியும் தரப்பட்டுள்ளது.

படம் வேறு, தகவல் வேறு

ஒரு மேப்பை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டால் அது ஜி.ஐ.எஸ். ஆகிவிடாது. அது ஒரு போட்டோ, அவ்வளவுதான். பெயிண்ட் புரோகிராமில் திறந்து பெரிதாக்கலாம்; வண்ணம் மாற்றலாம். "இந்தத் தெருவில் எத்தனை மின்கம்பங்கள் இருக்கின்றன?" என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்தப் படத்தில் இருப்பவை வெறும் வண்ணப் புள்ளிகள்.

ஜி.ஐ.எஸ்.ஸில் படத்துக்குப் பதில் அட்டவணை இருக்கும். நீங்கள் எக்ஸெல் பயன்படுத்தியிருந்தால் இது எளிதில் புரியும். ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் ஒரு வரிசை. கம்பத்தின் எண், நட்ட ஆண்டு, எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம் வருகிறது என்பவை தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். இவற்றோடு கூடுதலாக இன்னொரு கட்டம்: அந்தக் கம்பம் நிற்கும் இடம். அட்சரேகை, தீர்க்கரேகை என்று பள்ளியில் படித்த அதே இரண்டு எண்கள்தான் இவை. சென்னையை 13.08, 80.27 என்று எழுதலாம். தசமத்துக்குப் பின் 2 இலக்கங்கள் தந்தால் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் அளவுக்குத்தான் இடம் தெரியும். 5 இலக்கங்கள் தந்தால் சுமார் 1 மீட்டர் வரை துல்லியமாகக் குறிக்கலாம்.

இடத்தை மூன்று வகையாக எழுதுகிறார்கள். கம்பம், வீடு, கிணறு போன்றவை புள்ளி. சாலை, குழாய், கேபிள் போன்றவை கோடு. வார்டு, ஏரி, வயல் போன்றவை பரப்பு. திரையில் நாம் பார்க்கும் மேப், இந்த அட்டவணைகளைப் படித்து அந்த நேரத்தில் வரையப்படுவது. சாலைகள் ஓர் அடுக்கு, குழாய்கள் ஓர் அடுக்கு, வீடுகள் ஓர் அடுக்கு எனக் கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்தது போல் அது அமையும். வேண்டாத அடுக்கை ஒரு கிளிக்கில் எடுத்துவிடலாம்.

தனி அறையில் இருந்த காலம்

ஜி.ஐ.எஸ்.ஸின் தொடக்கம் 1960களில் கனடாவில். அந்த நாட்டின் நிலங்கள் எதற்கு ஏற்றவை என்று கணக்கெடுக்கும் பெரிய திட்டம் ஒன்றுக்காக ரோஜர் டாம்லின்சன் என்பவர் இதை உருவாக்கினார். அதன் பின் நீண்ட காலத்துக்கு ஜி.ஐ.எஸ். என்றாலே விலை உயர்ந்த தனிக் கம்ப்யூட்டர்கள், அதற்கே உரிய பைல் வகைகள், தனிப் பயிற்சி பெற்ற சிலர் என்று இருந்தது. பெரிய நிறுவனங்களில் "மேப் பிரிவு" என்று ஓர் அறை இருக்கும். மேப் வேண்டுமென்றால் அங்கே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

இதில் என்ன சிக்கல்? ஒரு மின்சார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பில் போடும் பிரிவின் டேட்டாபேஸில் வாடிக்கையாளர் பெயர், இணைப்பு எண், கட்ட வேண்டிய தொகை இருக்கும். மேப் பிரிவின் கம்ப்யூட்டரில் கம்பங்களும் டிரான்ஸ்பார்மர்களும் இருக்கும். பழுது பார்க்கும் பிரிவு தனியாக ஒரு நோட்டுப் புத்தகமோ எக்ஸெல் பைலோ வைத்திருக்கும். இரவில் ஒரு டிரான்ஸ்பார்மர் பழுதாகிறது. எந்தெந்த வீடுகளில் மின்சாரம் இருக்காது? அதில் மருத்துவமனை ஏதும் உண்டா? இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி ஒரு கம்ப்யூட்டரிலும், மீதி இன்னொரு கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழியில்லை.

மாதம் ஒரு முறை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் பைலை காப்பி செய்து தருவது அன்றைய வழக்கம். காப்பி எடுத்த மறுநாளே அது பழையதாகிவிடும். எது சரி, எது பழசு என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

டேட்டாபேஸ் கற்றுக்கொண்ட புதிய பாடம்

சாதாரண டேட்டாபேஸுக்கு எண், எழுத்து, தேதி ஆகிய மூன்றும் தெரியும். 200 என்பது 100ஐ விடப் பெரியது, ஜனவரி 5 என்பது ஜனவரி 9க்கு முந்தியது என்று அது சொல்லிவிடும். "இந்த வீடு அந்த ஏரிக்குள் இருக்கிறதா?" என்று கேட்டால் விழிக்கும். ஏரி என்பது அதற்குப் புரியும் பொருளே அல்ல.

1990களில் இந்த நிலை மாறத் தொடங்கியது. ஜி.ஐ.எஸ். தயாரிப்பாளர்களும் பயனாளர்களும் 1994இல் ஓபன் ஜி.ஐ.எஸ். கன்சார்டியம் என்ற அமைப்பைத் தொடங்கினர். புள்ளி, கோடு, பரப்பு ஆகியவற்றை எந்த டேட்டாபேஸிலும் ஒரே முறையில் எழுதி வைப்பதற்கான பொது விதிகளை இந்த அமைப்பு வகுத்தது. ஆரக்கிள் நிறுவனம் தன் டேட்டாபேஸில் இந்த வசதியை 1990களிலேயே சேர்த்தது. இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு 2001இல் போஸ்ட்ஜிஸ் என்ற துணை சாப்ட்வேர் வந்தது. மைக்ரோசாப்ட் தன் எஸ்.க்யூ.எல். சர்வர் 2008 பதிப்பில் இதைத் தந்தது.

இதனால் டேட்டாபேஸுக்கு மூன்று புதிய திறமைகள் கிடைத்தன.

1. எண், தேதி போல "இடம்" என்பதும் ஒரு கட்டத்தில் எழுதி வைக்கக்கூடிய தகவல் ஆனது. வாடிக்கையாளரின் பெயரும் அவர் வீட்டின் இடமும் ஒரே வரிசையில் இருக்கலாம்.

2. இடம் பற்றிய கேள்விகளை நேரடியாகக் கேட்க முடிந்தது. இதற்குள் எது இருக்கிறது, இதை எது குறுக்கே வெட்டுகிறது, இதிலிருந்து 5 மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்பவை அவற்றில் முக்கியமானவை.

3. இந்தக் கேள்விகளுக்கு வேகமாகப் பதில் தேட ஒரு வகை இன்டெக்ஸ் வந்தது.

மூன்றாவதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு நகரில் 10 லட்சம் குழாய்த் துண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் குறிப்பிடும் இடத்துக்கு அருகில் எவை உள்ளன என்று அறிய 10 லட்சம் முறை தூரத்தை அளந்துகொண்டிருந்தால் நேரம் வீணாகும். டெலிபோன் டைரக்டரியில் எழுத்து வரிசை இருப்பது போல இடத்துக்கும் ஒரு வரிசை வேண்டும். ஆனால் இடம் இரண்டு திசைகளில் பரவியிருப்பதால் அதை ஒரே வரிசையில் அடுக்க முடியாது. இதற்கு ஆன்டனின் குட்மேன் என்பவர் 1984இல் ஆர்-ட்ரீ என்ற முறையை வெளியிட்டார். அருகருகே இருப்பவற்றை ஒரு பெட்டிக்குள் போடுவது, அருகருகே உள்ள பெட்டிகளை இன்னொரு பெரிய பெட்டிக்குள் போடுவது என்பதுதான் இதன் சாரம். நீங்கள் கேட்கும் இடம் ஒரு பெரிய பெட்டிக்குள் வரவில்லை என்றால், அதற்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான குழாய்களைத் திறந்தே பார்க்க வேண்டியதில்லை. நொடிக்குள் பதில் வருவதற்கு இதுவே காரணம்.

மேப் பார்க்க மேப் சாப்ட்வேர் வேண்டாம்

டேட்டா ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் போதாது. எல்லாப் பிரிவினரும் அதைப் பார்க்க வேண்டும். இதற்கு நடுவில் ஒரு சர்வர் வைக்கப்படுகிறது. ஓட்டலில் சர்வர் சமையலறைக்கும் மேசைக்கும் நடுவே போய் வருவது போலத்தான் இதுவும். "இந்தப் பகுதியின் மேப் கொடு" என்று ஒரு புரோகிராம் கேட்டால், அது டேட்டாபேஸிலிருந்து எடுத்து வரைந்து அனுப்பும். எப்படிக் கேட்க வேண்டும், எப்படிப் பதில் தர வேண்டும் என்பதற்கும் பொது விதிகள் உள்ளன. வெப் மேப் சர்வீஸ் என்பது 2000இல் வந்த அத்தகைய விதி.

இதன் பலனைப் பாருங்கள். பில் போடும் ஊழியரின் கம்ப்யூட்டரில் ஜி.ஐ.எஸ். சாப்ட்வேர் எதுவும் இல்லை. அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் திரையிலேயே வாடிக்கையாளரின் விவரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேப் தெரிகிறது. டிரான்ஸ்பார்மர் பழுதானால் அதோடு இணைந்த வீடுகளின் பட்டியல் வருகிறது. அதற்குப் பின்னால் ஜி.ஐ.எஸ். இருப்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

மூன்று மணி நேரம்

ஆபீஸ் வேலை சுலபமாவது மட்டும்தான் லாபமா? இல்லை. சில சமயம் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

தைவான் நாட்டின் காவ்ஷியுங் நகரில் 2014 ஜூலை 31ஆம் தேதி இரவு 9 மணிக்குச் சற்று முன்பாக, தெருவில் கேஸ் வாடை வருவதாகத் தகவல் வந்தது. தீயணைப்பு வீரர்கள் உடனே வந்துவிட்டார்கள். ஆனால் கசிவது என்ன கேஸ், அது யாருடைய குழாயில் வருகிறது, எந்த வால்வை மூட வேண்டும் என்பது அங்கே நின்றவர்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. சுமார் 3 மணி நேரம் கழித்து, நள்ளிரவு நெருங்கும் வேளையில், தெருக்கள் நீளவாக்கில் வெடித்தன. 32 பேர் இறந்தனர். 300க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இறந்தவர்களில் தீயணைப்பு வீரர்களும் உண்டு. ரசாயனத் தொழிற்சாலைக்குப் புரோப்பீன் என்ற வாயுவைக் கொண்டுசெல்லும் குழாய் அது. மழைநீர்க் கால்வாய் ஒன்றுக்குள் குறுக்கே போன அந்தக் குழாய், பல ஆண்டுகளாக அரித்துப் போயிருந்தது.

துருப்பிடித்த குழாயை எந்த டேட்டாபேஸும் சரி செய்துவிடாது. ஆனால் "இந்த இடத்துக்கு அடியில் போகும் குழாய்கள் எவை, யாருடையவை?" என்பது மேலே சொன்ன இரண்டாவது வகைக் கேள்விதான். தகவல்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சொல்லிவிடக்கூடியது. கால்வாயின் வரைபடமும் குழாயின் வரைபடமும் ஒன்றாக இருந்தால் ஒன்றை இன்னொன்று வெட்டுகிறது என்பதும் முன்பே தெரிந்துவிடும்.

தோண்டும் முன் கேளுங்கள்

பிரிட்டனில் ஆண்டுக்கு சுமார் 40 லட்சம் பள்ளங்கள் தோண்டப்படுகின்றன என்றும், அவற்றில் ஏறத்தாழ 60,000 முறை ஏதாவது குழாயோ கேபிளோ அடிபடுகிறது என்றும் அந்த நாட்டு அரசு கணக்கிட்டுள்ளது. இதனால் ஏற்படும் இழப்பு ஆண்டுக்கு 240 கோடி பவுண்டு. நிலத்துக்கு அடியில் சொத்து வைத்திருக்கும் நிறுவனங்கள் அங்கே 600க்கும் அதிகம். தோண்டுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் தரும் வெவ்வேறு விதமான வரைபடங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அனைவரின் தகவல்களையும் ஒரே அமைப்பில் பொருத்திக் காட்டும் தேசியப் பதிவேடு ஒன்றை அரசு உருவாக்கியது. அதன் முதல் பதிப்பு 2023 ஏப்ரலில் லண்டன், வேல்ஸ், வடகிழக்கு இங்கிலாந்து பகுதிகளுக்கு வந்தது.

இந்தியாவிலும் இதே பிரச்சினை உண்டு. குடிநீர்க் குழாய்க்காக ஜே.சி.பி. வைத்துத் தோண்டும்போது இன்டர்நெட் கேபிள் அறுந்துபோவது நமக்குப் புதிதல்ல. இப்படி ஒருங்கிணைப்பு இல்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசு கூறியது. 2023 மார்ச் 22ஆம் தேதி "கால் பிபோர் யு டிக்" என்ற மொபைல் ஆப் வெளியிடப்பட்டது. தோண்டுபவர் இடத்தைக் குறிப்பிட்டால், அங்கே குழாய், கேபிள் வைத்திருப்பவர்களுக்கு எஸ்.எம்.எஸ்., இமெயில் மூலம் தகவல் போகும். இரு தரப்பினரும் பேசிக்கொள்ளவும் முடியும்.

சேர்த்தால் மட்டும் போதுமா?

தனித்தனியாக வளர்ந்த தகவல்களை ஒன்றாக்குவது எளிதல்ல. மேப்பைத் திரையில் காட்டுவதை விட அதிக உழைப்பு இங்கேதான் தேவைப்படுகிறது. முக்கியமான நான்கு சிக்கல்கள் இவை:

அளவீட்டு அடிப்படை: பூமி சரியான உருண்டை அல்ல. அதன் வடிவத்தை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் மாறும். ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ்.84 என்ற முறையை. இந்தியாவின் பழைய சர்வே மேப்கள் 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கிட்ட அளவை அடிப்படையாகக் கொண்டவை. சிகரத்துக்குப் பெயர் தந்த அதே எவரெஸ்ட்தான். இரண்டையும் மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் சென்னைப் பகுதியில் 100 மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். அடுத்த தெருவில் இருக்கும் குழாய் உங்கள் தெருவில் இருப்பதாகக் காட்டும்.

அடையாள எண்: ஒரே கம்பத்துக்கு ஒரு பிரிவு ஓர் எண்ணும், இன்னொரு பிரிவு வேறோர் எண்ணும் கொடுத்திருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது உட்கார்ந்து பொருத்த வேண்டும்.

துல்லியம்: திரையில் கோடு மெலிதாகத் தெரிவதால் குழாய் அங்கேயேதான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பழைய காகிதத்தைப் பார்த்து வரைந்த கோடாக இருக்கலாம். எவ்வளவு ஆழம் என்பது பதிவாகாமலும் இருக்கலாம். எனவே எந்த ஆண்டு, எந்த முறையில் அளந்தது என்பதையும் ஒரு கட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். மேப் இருந்தாலும் முதலில் கையால் சிறு குழி தோண்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

யார் பார்க்கலாம்: கேஸ் குழாய்கள், முக்கியமான கேபிள்கள் எங்கே போகின்றன என்பதை எல்லாருக்கும் காட்ட முடியாது. டேட்டாபேஸில் சம்பள விவரத்தைப் பாஸ்வேர்ட் போட்டுப் பாதுகாப்பது போல இதையும் பாதுகாக்க வேண்டும். ஜி.ஐ.எஸ். பொதுவான டேட்டாபேஸுக்குள் வந்துவிட்டதால் அதே பாஸ்வேர்ட், அதே பேக்கப் முறைகள் இதற்கும் கிடைக்கின்றன.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

க்யூஜிஸ் என்பது இலவசமாகக் கிடைக்கும் ஜி.ஐ.எஸ். சாப்ட்வேர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் அதிகாரப்பூர்வ வெப்சைட்டிலிருந்து மட்டும் டவுன்லோட் செய்திடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் எந்தெந்தக் கடைகள், அலுவலகங்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்போம்.

1. எக்ஸெல்லில் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை என மூன்று கட்டங்கள் அமையுங்கள். மருந்துக் கடை, பஸ் ஸ்டாப், வங்கி, பள்ளி எனப் பத்து இடங்களை எழுதுங்கள். கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸைத் திறந்து, ஓர் இடத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் இரண்டு எண்களும் கிடைக்கும். முதலில் வருவது அட்சரேகை.

2. பைலை சி.எஸ்.வி. யு.டி.எப்.-8 என்ற வகையில் சேமியுங்கள். சாதாரண சி.எஸ்.வி. வகையில் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். உங்கள் வீட்டுக்கு மட்டும் இதே போல இன்னொரு பைல் உருவாக்குங்கள்.

3. க்யூஜிஸைத் திறந்து லேயர் மெனுவில் ஆட் லேயர், அதில் ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர் தேர்ந்தெடுங்கள். எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகையும், ஒய் என்ற இடத்தில் அட்சரேகையும் தர வேண்டும். அளவீட்டு முறையாக இ.பி.எஸ்.ஜி. 4326 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதுதான் மேலே சொன்ன டபிள்யூ.ஜி.எஸ்.84. எக்ஸ், ஒய் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் சென்னை போய் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் விழும்! புள்ளிகளைக் காணவில்லை என்றால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

4. இடப்பக்க பிரவுசர் பட்டியலில் எக்ஸ்.ஒய்.இசட். டைல்ஸ் என்பதன் கீழுள்ள ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை டபுள் கிளிக் செய்தால் தெருக்கள் தெரியும். அது புள்ளிகளை மறைத்தால், லேயர் பட்டியலில் அதைக் கீழே இழுத்து விடுங்கள்.

5. இப்போது நம் எண்கள் டிகிரியில் உள்ளன. மீட்டரில் அளக்க, ஒவ்வொரு லேயரின் மேலும் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் மூலம் இ.பி.எஸ்.ஜி. 32644 முறையில் மறுபடி சேமியுங்கள். இது சென்னை, திருச்சி, மதுரை, இலங்கைக்கு ஏற்றது. கோவை, நீலகிரி, நாகர்கோவில் வாசகர்கள் 32643 பயன்படுத்துங்கள்.

6. வெக்டர் மெனுவில் ஜியோபிராசஸிங் டூல்ஸ், அதில் பபர். மீட்டரில் சேமித்த வீட்டு லேயருக்கு 500 மீட்டர் கொடுத்தால் ஒரு வட்டம் வரும். பின் அதே மெனுவின் ரிசர்ச் டூல்ஸ் பகுதியில் செலக்ட் பை லொகேஷன் மூலம் வட்டத்துக்குள் உள்ள இடங்களைக் கேளுங்கள். பதில்கள் மஞ்சள் நிறத்தில் தெரியும்.

நீங்கள் இப்போது கேட்டதும், தோண்டுவதற்கு முன் ஒரு மாநகராட்சிப் பொறியாளர் கேட்க வேண்டியதும் ஒரே கேள்விதான். உங்களிடம் பத்து வரிசைகள்; அவரிடம் பத்து லட்சம் இருக்கலாம். இரண்டிலும் விதி ஒன்றே. ஒரு கடை இடம் மாறியதும் உங்கள் பைலில் அதைத் திருத்தாவிட்டால் வட்டம் தவறான பதில் தரும். புதிய குழாய் பதித்த அன்றே அதன் வரிசையை டேட்டாபேஸில் சேர்க்கும் பழக்கம் எந்த ஊரில் இருக்கிறதோ, அங்கே பள்ளத்தில் இறங்கும் தொழிலாளிக்கு ஆபத்து குறைவு.